எட்டு வாரக் குத்தகையில் ஒரு சதுப்பு நிலம்

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் நெல் பயிரிடுபவர்கள், பிப்ரவரி பிறந்ததும் வயலின் மடைப்பலகைகளைத் தூக்கிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க நின்ற தண்ணீர் வடிந்து மண் காய வேண்டும். காய்ந்தால்தான் டிராக்டர் இறங்கும். டிராக்டர் இறங்கினால்தான் ஏப்ரல் கடைசியில் விதைப்புக்கு நிலம் தயாராகும். விவசாயியின் கணக்கில் இதில் ஒரு குறையும் இல்லை. அதே பிப்ரவரியில்தான் கரைப்பறவைகளின் வடதிசைப் பயணமும் தொடங்குகிறது. மெக்சிகோவிலும் அதற்கும் தெற்கேயும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, முட்டையிட அலாஸ்காவுக்குப் போகிற உள்ளான்கள் வழியில் இறங்கி இரை தேட இந்தப் பள்ளத்தாக்கை நம்பியிருக்கின்றன. மார்ச், ஏப்ரலில் அவற்றின் கூட்டம் பெருகும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை காய்ந்த மண்தான் இருக்கும்.

ஒரு மேற்கத்திய உள்ளானின் எடை முப்பது கிராமுக்குள் அடங்கும். அந்த உடம்பில் சேமித்த கொழுப்புதான் அதன் பயணச் செலவு. இறங்கிய இடத்தில் தண்ணீரும் சேறும் இல்லையென்றால் அடுத்த இடம் வரை பறக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் அதற்கடுத்த இடம். மெலிந்த உடம்போடு வடக்கே போய்ச் சேரும் பறவை, அங்கே கிடைக்கும் குறுகிய கோடைக்குள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து முடிப்பது கடினம். அதனால் சாக்ரமென்டோவில் சில வாரம் சீக்கிரமாக வடிந்த தண்ணீரின் விளைவு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பொரிக்காமல் போன குஞ்சுகளாகத் தெரியவரலாம்.

சாக்ரமென்டோ பள்ளத்தாக்கை வடபகுதியாகக் கொண்ட மத்தியப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் இப்படி இல்லை. கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலைத்தொடர், நடுவில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் சமவெளி. வடக்கிலிருந்து சாக்ரமென்டோ ஆறும் தெற்கிலிருந்து சான் வாக்கின் ஆறும் வந்து சேர்கின்றன. குளிர்கால மழையிலும் வசந்தகாலப் பனி உருகலிலும் ஆறுகள் கரைபுரண்டு, சமவெளியின் பெரும்பகுதி மாதக்கணக்கில் ஆழமில்லாத நீர்ப்பரப்பாகிவிடும். 1850-களின் தங்க வேட்டைக்குப் பிறகு வந்து குடியேறியவர்கள் ஆற்றுக்குக் கரை கட்டினார்கள், வடிகால் வெட்டினார்கள், பிறகு மலையடிவாரத்தில் அணைகளை எழுப்பினார்கள். இயற்கையான ஈரநிலங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. பறவைகளின் பாதை மட்டும் மாறவில்லை. அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்கா வரை நீளும் பசிபிக் வலசைப் பாதையில், குளிர்காலத்தைக் கழிக்கும் வாத்துகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் வருகின்றன.

எஞ்சிய ஈரநிலங்களில் அரசு சரணாலயங்கள் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு தனியாரிடம், பெரும்பாலும் வாத்து வேட்டைச் சங்கங்களிடம் இருக்கிறது. வேட்டைக்காக வைத்திருக்கும் நீர்நிலைதான் பல வாத்துகளைக் காப்பாற்றுகிறது என்பது நமக்கு ஏற்கக் கடினமான உண்மை. இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் வந்திறங்கும் பறவைகளுக்குப் போதாது. மீதிப் பசியை ஆற்றுவது நெல் வயல்.

நெல் அங்கே பழைய பயிர் இல்லை. 1912-இல்தான் ப்யூட் மாவட்டத்தில் வணிக அளவில் தொடங்கியது. வேறு பயிருக்கு உதவாத கனத்த களிமண் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கிக்கொண்டதால் நெல்லுக்கு வாய்த்தது. ஊறவைத்த விதையை விமானத்திலிருந்து தண்ணீர் நின்ற வயலில் தூவுகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் இயந்திரம் அறுக்கிறது. நல்ல மழை ஆண்டில் ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கரில் நெல் நிற்கும்.

அறுவடைக்குப் பிறகு ஏக்கருக்குச் சுமார் மூன்று டன் வைக்கோல் மிஞ்சும். நம்மூரில் என்றால் போராகப் போட்டு மாட்டுக்கு வைப்போம். அங்கே அவ்வளவு மாடும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. தீ வைத்தார்கள். இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் புகை மூடி, நகரங்களில் மூச்சுத்திணறல் நோயாளிகள் அவதிப்பட்டார்கள். 1991-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் வைக்கோல் எரிப்பைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2001-இலிருந்து ஒரு விவசாயி தன் நிலத்தில் அதிகபட்சம் கால்வாசியில்தான், அதுவும் பயிர் நோயைக் கட்டுப்படுத்தத் தேவைப்பட்டால்தான் எரிக்கலாம். சட்டத்தின் நோக்கம் காற்று. பறவைகளைப் பற்றிப் பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை.

எரிக்க முடியாத வைக்கோலை மட்க வைக்க வேண்டும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், லேசில் மட்காது. குளிர்காலத்தில் வயலில் ஓரடிக்கும் குறைவாகத் தண்ணீர் கட்டி வைத்தால் நுண்ணுயிர்கள் வேலையை முடிக்கும் என்று கண்டார்கள். பல லட்சம் ஏக்கரில் இப்படித் தண்ணீர் நின்றபோது வடக்கேயிருந்து வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. இயந்திரம் சிந்திய நெல் அடியில் கிடந்தது. களைகளின் விதை கிடந்தது. தண்ணீர் கட்டிய சில வாரங்களில் புழுக்களும் பெருகின.

இங்கே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வாத்து தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, அலகால் சேற்றைத் துழாவுகிறது. நெல்மணிக்காக வைக்கோலைப் புரட்டுகிறது, சவ்வுப் பாதத்தால் மிதிக்கிறது. நிமிர்ந்து நிற்கும் அரிதாள் மடங்கி, ஒடிந்து, சேற்றுக்குள் புதைகிறது. முழுத் தண்டின் மேல்தோலில் நுண்ணுயிருக்குப் பிடி கிடைப்பதில்லை. நசுங்கிய தண்டின் உட்புறம் அதற்கு உடனே திறந்துகொள்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் வாத்துகளை அடைத்து மேயவிட்ட பாத்திகளையும் வாத்து இல்லாத பாத்திகளையும் ஒப்பிட்டு, மேய்ந்த பாத்திகளில் வைக்கோல் தெளிவாகவே வேகமாக மட்குவதை 2000-இல் வெளியிட்டார்கள். எரிக்கத் தடை என்று புலம்பிய விவசாயிக்குச் சம்பளம் கேட்காத வேலையாள் வந்து சேர்ந்ததாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாத்துக்குப் பொருந்துவது உள்ளானுக்குப் பொருந்தாது என்பதுதான் அடுத்த சிக்கல். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம். முக்கால் அடித் தண்ணீரிலும் தலைகீழாகக் கவிழ்ந்து அடியைத் தொட்டுவிடும். டன்லின் என்கிற உள்ளான் நீந்தி இரை தேடுவதில்லை. அதன் கால் தரையில் பட வேண்டும், அலகு சேற்றில் இறங்க வேண்டும். நான்கு அங்குலத் தண்ணீரே அதற்கு அதிகம். ஒன்றிரண்டு அங்குலம், அல்லது ஈரம் மின்னும் வெறும் சேறு இருந்தால் நல்லது. நீண்ட அலகுள்ள டோவிச்சர் இன்னும் சற்று ஆழத்தில் நின்று, துணி தைப்பது போல மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டே நகரும். இவற்றின் அலகு நுனியில் நுண்ணிய குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்குள்ளும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். சேற்றுக்குள் புழு இருக்கும் இடத்தைப் பறவை கண்ணால் பார்ப்பதில்லை, அலகால் உணர்கிறது. காய்ந்து இறுகிய மண்ணில் அந்த அலகு இறங்கவே இறங்காது.

ஆகவே ஒரே வயல், தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்து வெவ்வேறு பறவைகளுக்கு வீடாகிறது. டிசம்பரில் வாத்துகளுக்கு வேண்டிய ஆழம் பெரும்பாலான வயல்களில் தானாகவே இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்கும் கரைப்பறவைகளுக்கு வேண்டிய சேற்றுநீர் போதிய அளவில் இல்லை. கோடை முடிவிலும் இதே தட்டுப்பாடுதான்: ஜூலை, ஆகஸ்டிலேயே தெற்கே திரும்பத் தொடங்கும் பறவைகள் வந்து பார்க்கும்போது வயலை நெற்பயிர் மூடியிருக்கும், மற்ற இடமெல்லாம் வெயிலில் வெடித்துக் கிடக்கும். ஆண்டில் சில வாரங்களுக்குத்தான் இந்தப் பற்றாக்குறை. அதற்காக விலை உயர்ந்த விளைநிலத்தை வாங்கி நிரந்தரச் சரணாலயமாக்குவது எந்த அமைப்பின் பணத்துக்கும் கட்டுப்படியாகாது. விவசாயியும் விற்க மாட்டார்.

நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு 2014-இல் தொடங்கிய 'பேர்ட் ரிட்டர்ன்ஸ்' திட்டம் இந்த இடத்தில்தான் புது வழி கண்டது. நிலத்தை வாங்க வேண்டாம், தேவையான வாரங்களை மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும் என்றது. எந்த வாரம், எந்த வட்டாரம் என்று தெரிய வேண்டுமே? அதற்கு இரண்டு தரவுகள் கைகொடுத்தன. ஒன்று ஈபேர்ட்: கார்னல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய இணையப் பதிவேடு. எங்கே, என்றைக்கு, என்ன பறவை, எத்தனை என்று சாதாரணப் பறவை ஆர்வலர்கள் எழுதிவைக்கும் பட்டியல்களின் பெருந்திரள் அது. தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பட்டியல்களும் போய்ச் சேருவது அதே இடத்துக்குத்தான். இந்தப் பதிவுகளை வைத்து, ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் இனமும் எங்கே குவியும் என்று கணினி மாதிரிகள் கணித்தன. இன்னொன்று செயற்கைக்கோள் படம்: எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அது காட்டியது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது, பறவை வரும், தண்ணீர் இருக்காது என்ற இடங்கள் பளிச்சென்று தெரிந்தன.

அடுத்தது ஏலம். நாம் அறிந்த ஏலத்தில் அதிகம் கேட்பவருக்கு வாய்ப்பு, இதில் குறைவாகக் கேட்பவருக்கு. இன்ன வாரங்களுக்கு, இத்தனை அங்குலத் தண்ணீரை உங்கள் வயலில் நிறுத்த ஏக்கருக்கு என்ன கேட்கிறீர்கள் என்று விவசாயிகளிடம் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தன் செலவைக் கணக்கிட்டு விலை எழுதிக் கொடுத்தார். தண்ணீர், பம்பு, ஆள், விதைப்பு தள்ளிப்போகும் அபாயம் எல்லாம் ஆளுக்கு ஆள், வயலுக்கு வயல் வேறுபடும். கேட்ட விலையையும் அந்த வயலின் பறவை மதிப்பையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு வாரம், ஆறு வாரம், எட்டு வாரம் என ஒப்பந்தம். முதல் பருவத்தில் ஏறக்குறைய 10,000 ஏக்கர் சேர்ந்தது.

எனக்கு இதில் பிடித்தது விவசாயியை நடத்திய விதம். அவரைக் குற்றவாளியாகவோ தியாகியாகவோ பார்க்காமல், சேவை விற்பவராகப் பார்த்தார்கள். விலையை அவர் சொன்னார். கட்டுப்படியாகாதவர் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பறவைகளுக்காக நிலத்தைப் பறிப்பார்களோ என்ற பயம் இல்லாததால்தான் அவ்வளவு பேர் முன்வந்தார்கள் என்று நம்புகிறேன்.

பலன் அளக்கப்பட்டது. 2014 கடும் வறட்சி ஆண்டு. பள்ளத்தாக்கில் தண்ணீரே அரிதாக இருந்தது. திட்டத்தில் சேர்ந்த வயல்களையும் சேராத வயல்களையும் ஆட்கள் போய் எண்ணிப் பார்த்தார்கள். சேர்ந்த வயல்களில் கரைப்பறவை இனங்கள் மூன்று மடங்கு, பறவைகளின் அடர்த்தி ஐந்து மடங்கு என்று 2017-இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான கட்டுரை சொல்கிறது. விவசாயிகளுக்குப் பெரிய செலவில்லாத ஒரு பாடமும் இதிலிருந்து வந்தது: எல்லா வயலையும் ஒரே நாளில் வடிக்காமல், இந்த வாரம் இந்த வயல், அடுத்த வாரம் அடுத்த வயல் என்று வடித்தாலே சேற்றுநிலம் பல வாரம் கிடைத்துக்கொண்டிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குத்தகை முடிந்தால் உரிமை முடிந்தது. அடுத்த ஆண்டு பணம் இல்லையென்றால் வயல் காயும். வறட்சியில் நிலைமை இன்னும் மோசம். 2022-இல் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் நெல் நட்ட பரப்பே வழக்கத்தில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. பயிருக்கே தண்ணீர் இல்லாதபோது பறவைக்கு யார் விற்பார்? இருக்கிற கொஞ்சம் தண்ணீரில் பறவைகள் நெருக்கியடித்தால் நோய் பரவும். கலிஃபோர்னியாவின் வடகோடியில், டூலி ஏரி வட்டாரத்தில், 2020-இல் பாட்டுலிசம் நஞ்சு ஏறக்குறைய 60,000 பறவைகளைக் கொன்றது. வைக்கோலோடு ஊறும் வயலிலிருந்து மீத்தேன் வெளியாகிறது என்பதும் உண்மை. எரிப்பதா, ஊறவைப்பதா, வாரி எடுப்பதா என்ற கணக்கில் அதையும் சேர்த்தே எடை போட வேண்டும். என் பார்வையில், நிரந்தர ஈரநிலத்துக்குப் பதிலாக இந்தக் குத்தகை வயலைக் காட்டி எந்த அரசும் தப்பிக்கக் கூடாது. நிரந்தர நீர்நிலைதான் ஆதாரம். அதைச் சுற்றி, பறவை வரும் காலத்தில் மட்டும் விரியும் பரப்பாக வயல்கள் இருக்கலாம்.

ஜப்பானில் இதே எண்ணம் வேறு வழியில் வளர்ந்தது. மியாகி மாநிலத்தின் கபுகுரி-நுமா என்ற சதுப்பில் குளிர்காலத்தில் பல்லாயிரம் வெண்நெற்றி வாத்துகள் வந்து இரவு தங்கும். பகலில் சுற்றுவட்டார வயல்களில் சிந்திய நெல்லைப் பொறுக்கும். நெல்லைத் தின்னும் எதிரிகள் என்றுதான் அங்கே விவசாயிகள் முதலில் அவற்றைப் பார்த்தார்கள். ஒரே சதுப்பில் அத்தனையும் நெருங்கித் தங்குவது ஆபத்து என்பதால், பக்கத்து வயல்களிலும் குளிர்காலத்தில் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நின்ற வயலில் நூல் போன்ற சேற்றுப் புழுக்கள் பெருகின. அவை மண்ணைத் தின்று வெளித்தள்ளியதில் மேலே கூழ் போன்ற வழவழப்பான அடுக்கு படிந்தது. களை விதைகள் அதற்கடியில் புதைந்து முளைக்க வழியில்லாமல் போயின. களைக்கொல்லி இல்லாமல் விளைந்த அந்த அரிசியை வாத்துகளின் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 2005-இல் அந்தச் சதுப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது, சுற்றியுள்ள நெல் வயல்களும் பெயரோடு சேர்த்தே பதிவாயின. மூன்று ஆண்டு கழித்து, தென் கொரியாவின் சாங்வோனில் கூடிய ராம்சர் மாநாடு நெல் வயலை ஈரநிலமாக மதிக்கும் தனித் தீர்மானமே நிறைவேற்றியது.

சாக்ரமென்டோவுக்கு வரும் அதே ஊசிவால் வாத்து இனம், வேறொரு வலசைப் பாதையில், தமிழ்நாட்டுக்கும் வருகிறது. அதற்காக அந்தத் திட்டத்தை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அறுத்த வயலில் தண்ணீர் கட்டினால் அந்தப் பயிர் அழுகிவிடும். அந்த வருமானத்தை இழக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நம்மிடம் இருப்பது ஏரி. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு. பெரும்பாலும் பாசனத்துக்காகக் கட்டியவை. வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவை நிரம்புகின்றன; வலசைப் பறவைகள் பெருவாரியாக வந்து சேர்வதும் அப்போதுதான். தை பிறந்ததும் மதகு வழியே தண்ணீர் வயலுக்குப் போகப் போக, ஏரியின் விளிம்பு நாளுக்கு நாள் பின்வாங்குகிறது. ஒவ்வொரு வாரமும் ஒரு புதுப் பட்டை சேறு வெளிப்படும். பொரி உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் கருவால் மூக்கனும் அந்தப் பட்டையை ஒட்டியே மேயும். கலிஃபோர்னியாவில் கணினியும் ஏலமும் வைத்து உருவாக்க வேண்டியிருந்த படிப்படியான வடிதல், நம் பாசன முறையிலேயே இருக்கிறது. பறவைகள் சரணாலயமான வேடந்தாங்கல் ஏரியும் இன்றுவரை வயலுக்குத் தண்ணீர் தரும் ஏரிதான். பறவை எச்சம் கலந்த அந்தத் தண்ணீரின் உரமதிப்பை அறிந்துதான், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே சுடுவதைத் தடுக்கக் கோரி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள்.

இப்போதைய ஆபத்து தூர்வாரும் விதத்தில் இருக்கிறது. கொள்ளளவைக் கூட்டுகிறோம் என்று பொக்லைன் இறக்கி, ஏரியின் சரிவான ஓரங்களைச் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். தொட்டி போல வெட்டிய ஏரியில் தண்ணீர் குறையும்போது மட்டம்தான் இறங்குமே தவிர விளிம்பு நகராது. உள்ளான் நிற்க ஓரங்குல ஆழம் எந்த வாரத்திலும் கிடைக்காது. மடைக்கு அருகே வேண்டிய ஆழத்துக்கு வாரிவிட்டு, நீர் நுழையும் பக்கத்துச் சரிவைத் தொடாமல் விட்டால் பாசனத்துக்குப் பெரிய நட்டம் வராது, ஏனென்றால் அந்தப் பக்கத்து ஆழமற்ற நீர் முதலில் காய்ந்துபோகிற நீர். எந்த ஏரியில் எந்தச் சரிவை விட வேண்டும் என்று பொறியாளரிடம் சொல்ல, அந்த ஏரியின் பறவைக் கணக்கு கையில் வேண்டும். பொங்கல் நான்கு நாளோடு நிறுத்தாமல், தை முதல் பங்குனி வரை வாரம் ஒருமுறை, கரையில் கால்மணி நேரம் நின்று, தண்ணீர் எங்கே நிற்கிறது, சேற்றில் என்ன மேய்கிறது என்று உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் எழுதி ஈபேர்டில் போட்டால் இரண்டு மூன்று ஆண்டில் அந்தக் கணக்கு கிடைத்துவிடும்.